தீபாவளி டப்பாவும் மொய் நோட்டும்

வாசகர் கேள்வி – பதில்

இருபத்தாறு வருஷம் மும்பையில் வேலை பார்த்தேன். முதலில் கணக்குப் பிரிவு, பிறகு கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டமும் கம்பெனி விதிகளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கிற பிரிவு. ஓய்வு பெற்ற பிறகும் செம்பூரில்தான் இருக்கிறேன். அலுவலகத் தொடர்பில் வருகிற பரிசு, விருந்து, டிக்கெட் இவற்றைக் கம்பெனியிடம் எப்படித் தெரிவிப்பது என்று இந்த மாதம் பலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தீபாவளி முடிந்த கையோடு எழுதிய கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே பயம் தெரிகிறது: 'எழுதிக் கொடுத்தால் என்னைத் தப்பாக நினைப்பார்களோ?' அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

ஏரோலியில் ஒரு கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, நான் வீட்டில் இல்லாத நேரத்தில், எங்களுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர் ஒரு டிரை ஃப்ரூட் டப்பாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மனைவி பிரித்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டாள். அடித்தட்டில் சின்னத் துணிப்பையில் 2 கிராம் தங்கக் காசு இருந்தது. எட்டு நாள் ஓடிவிட்டது. இப்போது சொன்னால் 'இத்தனை நாள் என்ன செய்தாய்' என்பார்கள். யாருக்கும் சொல்லாமல் காசை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், டோம்பிவிலி

திருப்பிக் கொடுங்கள். ஆனால் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

நீங்களே போய்க் காசை அவர் கையில் வைத்துவிட்டு வந்தால், அது திரும்பிப் போனதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சப்ளையரிடம் 'தீபாவளி கிஃப்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயரும், எதிரே தங்கக் காசும் இருக்கும். திரும்பி வந்ததை அவர் அதில் குறித்து வைப்பாரா? நாளைக்கு அவருக்கும் உங்கள் கம்பெனிக்கும் ரேட்டில் தகராறு வந்தால் முதலில் வெளியே வருவது அந்தப் பட்டியல்தான். நான் உட்கார்ந்து பார்த்த விசாரணைகளில் பாதிக்கு மேல், கொடுத்தவர் கோபத்தில் வாய் திறந்ததால் தொடங்கியவை.

இன்றைக்கே மேனேஜருக்கும் கம்ப்ளையன்ஸுக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள். எந்தத் தேதி, யார் அனுப்பியது, யார் வாங்கியது, டப்பாவில் என்ன இருந்தது, எது தீர்ந்துவிட்டது, எது மீதி இருக்கிறது. காசையும் பையையும் போட்டோ எடுத்துச் சேருங்கள். அந்த சப்ளையரின் ரேட் எப்போது புதுப்பிக்க வருகிறது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். எட்டு நாள் தாமதத்துக்கு ஒரு வரி போதும்: 'உடனே தெரிவித்திருக்க வேண்டும், தயங்கிவிட்டேன்.' மனைவி மேல் பழியைப் போடாதீர்கள். தீபாவளி நேரத்தில் வாசலில் வந்த டப்பாவை வாங்கி நாலு வீட்டுக்குப் பகிர்ந்து கொடுத்ததில் அவர் தவறு ஒன்றுமில்லை. பகிர்ந்து தின்ற பாதாம் முந்திரியைத் திருப்பித் தர முடியாது. என்ன விலை இருக்கும் என்று உத்தேசமாகக் குறிப்பிட்டால் போதும். காசு மட்டும் கம்பெனி வழியாக, ஒரு கடிதத்தோடு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போகட்டும்.

தங்கக் காசு, வெள்ளிக் காசு, கடைகளின் கிஃப்ட் கார்டு இவை எல்லாம் ரொக்கத்துக்குச் சமம். எத்தனை ரூபாய் வரை பரிசு வாங்கலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரொக்கமும் ரொக்கம் மாதிரியானதும் கூடாது என்பதில் நான் பார்த்த எந்த பாலிசியிலும் மாற்றம் இருந்ததில்லை.

தயக்கம் எனக்குப் புதிதில்லை. கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில், அந்தேரியில் ஒரு கம்பெனியில் பில் பாஸ் செய்கிற வேலை. நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைத்திருந்தேன். எங்களுக்கு அச்சு வேலை செய்து தருகிற கான்ட்ராக்டரின் மனைவியும் வந்தார். நன்றாகப் பாடினார். நான் வைத்துக் கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, என் கையில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை வைத்துவிட்டுப் போனார். கொலுவுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், இது வழக்கம்தானே என்று சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் கணவரின் பில் வந்தது. ஆயிரம் லெட்டர்ஹெட்டுக்கு ஒப்புக்கொண்ட விலையைவிடக் கூடப் போட்டிருந்தார். வழக்கமாக அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அன்றைக்குப் பேனா நின்றது. 'பேப்பர் விலை ஏறியிருக்கும்' என்று அவருக்காக நானே ஒரு காரணம் தேட ஆரம்பித்தேன்.

அந்தச் சிமிழின் விலை பெரிதில்லை. நான் லஞ்சம் வாங்கியதாக யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் பேனா நின்ற அந்த ஒரு நிமிஷம் என்னை ரொம்பவும் பாதித்தது. மறுநாள் என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. 'கொலு அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், இந்த பில்லை வேறு ஆளிடம் கொடுத்திருப்பேனே' என்றார். சிமிழ் திரும்பிப் போனது, பில்லை வேறொருவர் பார்த்தார். அதனால்தான் சொல்கிறேன், அன்றே தெரிவித்துவிட்டால் முடிவெடுக்கிற பாரம் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

எங்கள் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் விற்கும் நிறுவனம் வான்கடே ஸ்டேடியத்தில் ஐபிஎல் மேட்ச் பார்க்க பாக்ஸ் டிக்கெட் தருகிறது. இரண்டு டிக்கெட், என் மகனையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். பதினொரு வயது. ஆசைப்படுகிறான். எங்கள் தாய்க் கம்பெனி லண்டனில் இருக்கிறது. போகலாமா?
— வாசகி, பவாய்

மூன்று விஷயம் பாருங்கள். அழைத்தவர்கள் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறார்களா, இல்லை டிக்கெட்டை மட்டும் அனுப்பிவிடுகிறார்களா? கூட உட்கார்ந்தால் அது வியாபார விருந்து. டிக்கெட் மட்டும் வந்தால் வெறும் பரிசு. அடுத்தது, அவர்களுடைய கான்ட்ராக்டோ புது டெண்டரோ இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறதா? இருந்தால் அழைப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வேண்டாம். மூன்றாவது, மகன். அவனுக்கும் அந்த சாஃப்ட்வேருக்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தினருக்கு வருகிற டிக்கெட்டைப் பெரும்பாலான கம்பெனிகள் ஒப்புக்கொள்வதில்லை, அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். அவனை நீங்களே ஸ்டாண்டு டிக்கெட் வாங்கி வேறொரு மேட்சுக்கு அழைத்துப் போங்கள்.

லண்டன் தாய்க் கம்பெனி என்றால் இன்னும் ஒன்று. பிரிட்டனின் லஞ்சச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு, 2011 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு ஊழியருக்குக் கொடுப்பதை மட்டுமல்ல, ஒரு தனியார் கம்பெனி இன்னொரு தனியார் கம்பெனி ஆளுக்குக் கொடுக்கிற லஞ்சத்தையும் அது தண்டிக்கும். அதற்காக உபசரிப்பே கூடாது என்று பொருளில்லை. அந்தச் சட்டத்துக்கு அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின் முன்னுரையிலேயே, வாடிக்கையாளரை விம்பிள்டனுக்கோ கார் பந்தயத்துக்கோ அழைத்துப் போவதை நிறுத்துவது நோக்கமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அளவும் நேரமும்தான் கேள்வி. போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். படிவத்தில் டிக்கெட்டில் அச்சிட்ட விலையை மட்டும் போடாதீர்கள். பாக்ஸ் என்றால் சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்தது. ஒரு ஆளுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

காலண்டர், டைரி, பேனா இதையெல்லாம் கூடவா எழுதிக் கொடுக்க வேண்டும்?
— வாசகர், சயான்

பொதுவாக வேண்டாம். கம்பெனிப் பெயர் அச்சிட்ட சில்லறைப் பொருள்களைப் பெரும்பாலான பாலிசிகள் விட்டுவிடும். ஒரே ஆளிடமிருந்து வருஷத்தில் ஏழெட்டுத் தடவை வந்தால் மட்டும் எழுதுங்கள்.

பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கடன் அனுமதியான பிறகு ஒரு வாடிக்கையாளர் பட்டுப்புடவை கொண்டுவந்து கொடுத்தார். வேலை முடிந்த பிறகு நன்றிக்காகக் கொடுப்பது லஞ்சமாகுமா? நான் அரசு ஊழியர் இல்லையே?
— வாசகி, மாட்டுங்கா

அம்மா, இதைக் கவனமாகப் படியுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை தனியார் வங்கி அதிகாரியும் பொது ஊழியர்தான் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 46ஏ பிரிவை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. மும்பை வங்கிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரியாமலே ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே கவலை.

வேலை முடிந்த பிறகு வந்தது என்பதும் காப்பாற்றாது. செய்த வேலைக்கு வெகுமதி என்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும். 2018 திருத்தத்துக்குப் பிறகு வாங்குகிறவருக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை. கொடுப்பவருக்கும் ஏழு வருஷம் வரை உண்டு. புடவையைக் கட்டாதீர்கள், மடிப்பும் கலைக்காதீர்கள். இன்றைக்கே கிளை மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்து, வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். அவருக்கு மனது புண்படக் கூடாது என்று நினைத்தால் நீங்களே போன் செய்து, 'உங்கள் அன்பு போதும், வங்கி விதிப்படி வாங்க முடியாது' என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அவரே கொண்டுவர மாட்டார்.

நவசேவா துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் வேலை. எங்கள் ஏஜென்ட் மாதக் கடைசியில் பில்லில் 'இதர செலவு' என்று ஒரு தொகை போடுகிறார். கேட்டால் 'சாய் பானி', அதாவது அங்கே இருக்கிறவர்களுக்கு டீச் செலவு, என்கிறார். நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.
— வாசகர், வாஷி

போடாதீர்கள். 'இதர செலவு' என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கும்வரை, அது உங்கள் கம்பெனி கொடுத்த பணம். ஏஜென்ட் கொடுத்தார், நாங்கள் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனியின் சார்பில் வேலை செய்கிறவர் கொடுத்தாலும் கம்பெனி மாட்டும் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. அதைத் தடுக்க முறையான ஏற்பாடு வைத்திருந்தோம் என்று நிரூபிப்பதுதான் கம்பெனிக்கு உள்ள தற்காப்பு. ரசீது இல்லாத ஒவ்வொரு வரிக்கும் என்ன, யாருக்கு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்தவர் ஏழு நாளுக்குள் சட்ட அமலாக்க அமைப்பிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சுங்கம் மத்திய அரசின் துறை, அதனால் சிபிஐ. மகாராஷ்டிர அரசு ஊழியர் என்றால் மாநில லஞ்ச ஒழிப்புத் துறை. அதன் இலவசத் தொலைபேசி எண் 1064. ஏழு நாள் என்பது சீக்கிரம் ஓடிவிடும். அன்றைக்கே மேலே சொல்லிவிடுங்கள்.

தை மாதம் பெண்ணுக்கு மாட்டுங்காவில் கல்யாணம். நான் ஒரு கம்பெனியில் அட்மின் மேனேஜர். கேன்டீன் கான்ட்ராக்டர், செக்யூரிட்டி ஏஜென்சி, கார் வாடகைக்குத் தருகிறவர் எல்லாரும் பத்து வருஷப் பழக்கம். கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் வெறுங்கையோடு வரமாட்டார்கள். என்ன செய்வது?
— வாசகர், முலுந்து

கூப்பிடுங்கள். பத்து வருஷம் முகம் பார்த்துப் பழகியவர்களை வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: 'குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணி, சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். கவர் மட்டும் வேண்டாம், கம்பெனியில் வாங்க விடமாட்டார்கள்.' இதை நேரில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். கூடவே, கம்பெனியோடு வியாபாரம் உள்ளவர்களில் யார் யாரை அழைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியலைக் கல்யாணத்துக்கு முன்பே உங்கள் மேலதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு. கல்யாணச் சமையலை அந்த கேன்டீன்காரரிடமே கொடுக்கிறீர்களா? மாப்பிள்ளை வீட்டாரை தாதர் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர அந்த வாடகைக் கார்கள்தானா? நீங்கள் கேட்காமலே அவர்கள் விலையைக் குறைப்பார்கள். 'சார் வீட்டு விசேஷம்' என்று இலைக்கு நூறு ரூபாய் குறைத்தால், ஐந்நூறு இலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் பரிசு வந்ததாக அர்த்தம். எந்தக் கவரிலும் அது தெரியாது. முடிந்தால் வேறு ஆளிடம் கொடுங்கள். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டீர்கள் என்றால், அவர் மற்றவர்களுக்குப் போடுகிற அதே விலை, முறையான பில், வங்கி வழியாகப் பணம். மூன்றையும் சேர்த்துக் கம்பெனியிடம் தெரிவித்துவிடுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் மேடையில் ஒரு கவர் கைக்கு வந்துவிடும். கல்யாணக் கும்பலில் நின்று மறுத்துக்கொண்டிருக்க முடியாது. இங்கேதான் நம் வழக்கம் ஒன்று கை கொடுக்கிறது. எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் பந்தல் வாசலிலேயே மொய் எழுதுகிறவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை. கொடுத்தவர் எதிரிலேயே எழுதுவார். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. எழுதாமல் விட்டால்தான் மனத்தாங்கல் வரும். பத்து வருஷம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். வந்த பரிசுகளைப் பதிகிற கம்பெனியின் கிஃப்ட் ரிஜிஸ்டரும் அடிப்படையில் அதே மாதிரிதான். வந்ததை எழுதிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவர்கள் நாம். மொய் எழுதுகிற உறவினரிடம் உங்கள் பட்டியலைக் கொடுத்து, அந்தப் பெயர்கள் வந்தால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அந்தப் புள்ளி வைத்தவற்றை ரிஜிஸ்டரில் ஏற்றுங்கள். ரொக்கமும் தங்கமும் கடிதத்தோடு திரும்பிப் போகட்டும். பூங்கொத்து, சாமி படம் போன்றவற்றுக்கு உங்கள் பாலிசி என்ன சொல்கிறதோ அதன்படி.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகின்றன. கல்யாணம் போன்ற விசேஷங்களில் நெருங்கிய உறவினரும், அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்களும் தருவதை வாங்கலாம். குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவல் தொடர்பு உள்ளவர் என்றால் கதையே வேறு. உங்கள் கேன்டீன்காரர் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் என்னைப் புதிதாகக் கம்ப்ளையன்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். கிஃப்ட் ரிஜிஸ்டரில் இரண்டு வருஷமாக ஒரு பதிவும் இல்லை. எல்லாரும் நேர்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, தாணே

இல்லை அம்மா. மும்பையில் ஐந்நூறு பேர் இருக்கிற இடத்தில் இரண்டு தீபாவளிக்கு ஒரு டப்பாகூட வரவில்லை என்பது நடக்காது. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாததற்குக் காரணம் பெரும்பாலும் நம் படிவத்தில்தான் இருக்கும்.

நான் பொறுப்பேற்றபோது எங்கள் படிவம் நான்கு பக்கம். 'இதனால் ஏதேனும் முறைகேடு நடந்ததா' என்று ஒரு கேள்வி. ஒரு கிலோ காஜு கத்லிக்கு யார் அதை நிரப்புவார்கள்? ஆறு வரியாகக் குறைத்தேன்: தேதி, கொடுத்தவர், என்ன, உத்தேச விலை, அவரோடு இப்போது நடக்கும் வியாபாரம், என்ன செய்ய விரும்புகிறீர்கள். வாங்கியதை மட்டுமல்ல, நாம் வெளியாட்களுக்குக் கொடுத்ததையும் அதிலேயே எழுத வைத்தேன். விற்பனைப் பிரிவின் ஹோட்டல் பில்களோடு மாதம் ஒரு தடவை ஒத்துப் பார்த்தால் யார் எழுதவில்லை என்று தெரிந்துவிடும். கணேஷ் சதுர்த்திக்கு முன்பே எல்லா சப்ளையர்களுக்கும் எம்.டி. கையெழுத்தில் ஒரு கடிதம் போக வேண்டும்; தீபாவளிக்கு முந்தின வாரம் போனால் அதற்குள் டப்பா கிளம்பியிருக்கும். பழைய பாக்கியை எழுதுகிறவர்கள் மேல் நடவடிக்கை இல்லை என்று ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். வந்த இனிப்புகளை பேன்ட்ரியில் வைத்து எல்லாருக்கும் பகிருங்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் சேர்த்து.

எல்லாவற்றையும்விட முக்கியம், பதில். எழுதிப் போட்டவருக்கு இரண்டு வாரம் பதில் வராவிட்டால் அவர் இனி எழுத மாட்டார். புதுப் படிவம் போட்ட பிறகு எனக்கு வந்த முதல் பதிவு எங்கள் டிரைவர் ஒருவருடையது. ஒரு சப்ளையர் அவருக்கு ரத்னகிரி ஆப்பூஸ் மாம்பழம் ஒரு டஜன் கொடுத்திருந்தார். மராத்தியில், பென்சிலில், ஆறு வரியும் நிரப்பியிருந்தார். பத்து நிமிஷத்தில் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'வீட்டுக்கு எடுத்துப் போங்கள், தெரிவித்ததற்கு நன்றி.' அந்தத் தாளை அவர் டிரைவர்கள் அறையில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். அன்று சாயந்திரத்துக்குள் என் மேஜைக்கு இன்னும் நான்கு படிவங்கள் வந்தன. அதில் ஒன்று பர்சேஸ் மேனேஜருடையது.